மார்ச் 20 தாண்டியும் பனி கொட்டுகிறது, இங்கே வசந்தம் எப்போதுதான் வரும்?

குற்றாலச்சாரல் (மார்க்கம், ஒன்டாரியோ)

எல்லாருக்கும் வணக்கம். போன அக்டோபரில் குடும்பத்தோடு திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தோம். குளிரைப் பற்றி ஆளாளுக்குப் பயமுறுத்தியிருந்ததால் ஜாக்கெட், பூட்ஸ், உள்ளே போடும் கம்பளி என்று எல்லாம் வாங்கித் தயாராகத்தான் இருந்தோம். குளிரைச் சமாளித்துவிட்டேன், அது இவ்வளவு காலம் நீளும் என்றுதான் ஒருத்தரும் சொல்லவில்லை. நவம்பரில் இலை கொட்டிய மரம் இன்னும் வெறும் குச்சியாகவே நிற்கிறது.

காலண்டரில் மார்ச் 20 வசந்தம் ஆரம்பம் என்று போட்டிருக்கிறது, அன்றைக்குக் காலையில் வாசலில் பனி வாரினேன். அதற்கு முந்தின வாரம் கொஞ்சம் வெயில் வந்து 11 டிகிரி காட்டியதும் பக்கத்து வீட்டுப் பெரியவர் அரைக்கால் சட்டையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வசந்தம் வந்தாச்சு என்று என்னைப் பார்த்துக் கையாட்டினார். நான் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறேன். நமக்குச் சித்திரை என்றாலே வெயில். நம் சந்தோஷமெல்லாம் ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது என்று கேள்விப்படும்போதுதான். வசந்தத்துக்கு இவர்கள் ஏன் இந்தக் குதி குதிக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நிஜமான வசந்தம் இங்கே எப்போது வரும், எதை வைத்துத் தெரிந்துகொள்வது? ஆறு வயதுப் பெண் இருக்கிறாள், அவளை எங்கே கூட்டிப்போகலாம்? பழைய ஆட்கள் சொல்லுங்கள்.

கறிவேப்பிலைக்காரி (ஸ்காபரோ)

தம்பி, காலண்டரை முதலில் மடித்து வையுங்கள். மார்ச் 20 என்பது பகலும் இரவும் சமமாகும் நாள், அவ்வளவுதான். சூரியன் வந்துவிட்டது, ஆனால் நிலமும் ஏரியும் ஐந்து மாதம் குளிர்ந்து கிடந்தவை, அவை சூடேற இன்னும் பல வாரம் வேண்டும். ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம், ஏப்ரல் மத்தியானம் உங்கள் மார்க்கத்தில் 16 டிகிரி இருக்கும்போது ஏரியிலிருந்து காற்றடித்தால் கரையில் 8 தான் இருக்கும். 2018இல் சித்திரைப் புத்தாண்டு அன்று ரொறன்ரோவில் உறைமழைப் புயல். பட்டுச்சேலைக்கு மேலே பனிக்கோட்டு, அதற்கும் கீழே பூட்ஸ், கோயில் வாசலில் சனம் வழுக்கி வழுக்கி நடந்தது. அதனால் ஏப்ரல் முடியும்வரை பனி வாரும் மண்வெட்டியைக் கொட்டிலுக்குள் வைக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. வசந்தம் இங்கே கண்ணுக்கு முதலில் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். குளிர்காலம் முழுக்க வெளியே ஒரு சத்தமும் இருக்காது, கவனித்திருப்பீர்கள், பனி எல்லாச் சத்தத்தையும் உறிஞ்சிவிடும். மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் காலை கூரைப் பீலியில் தண்ணீர் சொட்டத் தொடங்கும், பிறகு ஓடத் தொடங்கும். அதே நாட்களில் கோரை வளர்ந்த சதுப்பு ஓரங்களில் தோளில் சிவப்புத் திட்டு வைத்த கரும்பறவை ஒன்று வந்து உட்கார்ந்து கரகரவென்று கத்தும். அது ஆண். பெண் பறவைகள் சில வாரம் கழித்துத்தான் வரும், இவர் முன்கூட்டியே வந்து இடம் பிடித்து வைக்கிறாராம். ராபின் வந்தால் வசந்தம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சொல்லித் தருவார்கள், ஆனால் ராபின்களில் ஒரு பகுதி குளிர்காலத்திலும் இங்கேயே பழம் தின்றுகொண்டு ஒளிந்து கிடக்கும், அதை நம்ப வேண்டாம். கரும்பறவையை நம்பலாம்.

ஏப்ரலில் தவளை. குளம், பள்ளம் எங்கே தண்ணீர் தேங்கினாலும் பொழுது சாய்ந்ததும் கீச்சுக் குரலில் ஒரு கூட்டம் கத்தும், ஆள் என்னவோ கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இன்னொரு தவளை இருக்கிறது, காட்டுத் தவளை. அது குளிர்காலத்தில் இலைச் சருகுக்கு அடியில் கிடந்து நிஜமாகவே உறைந்துபோகும், இதயம் நின்றுவிடும், உடம்பில் சர்க்கரை ஏறி உயிரணுக்களைக் காப்பாற்றும், வசந்தத்தில் உருகி எழும்பிக் குதித்துப் போகும். இதை உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள், ஒரு வாரத்துக்கு வேறு கதை வேண்டாம்.

மே மாதம் ரூஜ் பள்ளத்தாக்குக்குப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். மூன்று இதழ் வெள்ளைப் பூ காட்டுத் தரை முழுக்கப் பூத்துக் கிடக்கும், அதுதான் டிரில்லியம், 1937 முதல் ஒன்டாரியோவின் மாகாணப் பூ. மேலே மரங்கள் இலை விட்டால் தரைக்கு வெயில் கிடைக்காது, அதனால் அதற்கு முன்பே அவசர அவசரமாகப் பூத்துவிடுகிறது. விதையிலிருந்து பூ வருவதற்கு ஏழு வருடமோ அதற்கு மேலோ ஆகும் செடி, இலையோடு பறித்தால் செத்தும் போகலாம், ஆகவே பிள்ளை பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கெல்லாம் வசந்தம் என்றால் தோட்டம். மார்ச்சில் கத்தரி, மிளகாய், தக்காளி விதையை யன்னலோரம் சின்னச் சின்னக் கப்பில் போட்டு வைப்போம். மே மாதம் விக்ரோறியா நாள் நீண்ட வார இறுதி, அதாவது 25ஆம் திகதிக்கு முந்தின திங்கள், அது கழிந்தபிறகுதான் கன்றை நிலத்தில் நடலாம். அதற்கு முன் நட்டவர் வீட்டுக் கன்று ஒருநாள் இரவுப் பனியில் கருகிக் கிடப்பதை ஒவ்வொரு வருடமும் எங்கள் தெருவில் பார்க்கலாம். வெண்டியும் பயற்றங்காயும் இன்னும் பொறுத்து, மண் சூடான பிறகு. எல்லாவற்றிலும் பெரிய விழா கறிவேப்பிலைத் தொட்டி வெளியே வரும் நாள்தான். அக்டோபரிலிருந்து வரவேற்பறையில் வெயில் தேடிச் சாய்ந்து சாய்ந்து நின்று பாதி இலை கொட்டின மரம். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு, இரவு 10 டிகிரிக்குக் கீழே போகாது என்று தெரிந்தபிறகுதான் வெளியே படுக்க விடுவோம். இரண்டு கிழமையில் துளிர்க்கும் பாருங்கள். எங்கள் தெருவில் நாலைந்து தமிழ் வீடு, ஒரே சனிக்கிழமை எல்லாரும் தொட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருவோம், ஐந்து மாதமாகக் காரைத் தவிர முகம் காணாத ஆட்கள், அப்போதுதான் யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீட்டை விற்கிறார்கள் என்பதே தெரியவரும்.

கால்வாய்க்கரை (ஒட்டாவா)

அக்கா தவளை வரைக்கும் சொல்லிவிட்டார், மேப்பிளை விட்டுவிட்டார். குற்றாலச்சாரல், நீங்கள் ஏப்ரல் வரை காத்திருக்கவே வேண்டாம், இந்த வார இறுதியே பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஏதாவது மேப்பிள் தோப்புக்குப் போங்கள். நீங்கள் திட்டுகிற இதே வானிலைதான், ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே, பகலில் பூஜ்யத்துக்கு மேலே, அதற்கு வேண்டியது. இரவில் உறையும்போது மரம் நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது, பகலில் உருகும்போது அழுத்தம் கூடி, மரத்தில் போட்ட துளை வழியாகச் சாறு சொட்டுகிறது. பார்த்தால் வெறும் தண்ணீர்தான், குடித்தால் இனிக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும், 2 சதவீதம் போலத்தான் சர்க்கரை. ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்ச வேண்டும். பதநீர் காய்ச்சுகிற இடத்தில் நின்றவருக்கு அந்தக் கொட்டகையின் ஆவியும் வாசனையும் உடனே ஊரை ஞாபகப்படுத்திவிடும். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இங்குள்ள பூர்வகுடிகள் செய்துவந்தது இது. மொட்டு விரியத் தொடங்கினால் சாற்றின் ருசி கெட்டுவிடும், அத்தோடு சீசன் முடிந்தது. கியூபெக் பக்கம் போனால் சூடான பாகைப் பனியின் மேல் கோடாக ஊற்றி, குச்சியில் சுருட்டிக் கையில் கொடுப்பார்கள். குழந்தைகளுக்கு அதுதான் வசந்தம்.

மே மாதம் இங்கே ஒட்டாவா வந்துவிடுங்கள், டூலிப் விழா. டவ்ஸ் ஏரிப் பக்கம் பாத்தி பாத்தியாகப் பூத்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஹாலந்து இளவரசி ஜூலியானா இங்கேதான் தஞ்சமாக இருந்தார், 1943இல் அவருக்கு மகள் மார்க்ரியட் பிறந்தபோது அந்தப் பிரசவ அறையைக் கனடாவின் எல்லைக்குள் சேராத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது, குழந்தைக்கு ஹாலந்துக் குடியுரிமை மட்டுமே இருக்க வேண்டும் என்று. போர் முடிந்ததும் 1945இல் ஒரு லட்சம் டூலிப் கிழங்குகளை அனுப்பிவைத்தார்கள், பிறகும் வருடாவருடம் வருகிறது. டூலிப்பின் குணம் ஒன்று சொல்ல வேண்டும், இலையுதிர் காலத்தில் கிழங்கை மண்ணில் புதைத்துக் குறைந்தது மூன்று மாதமாவது நல்ல குளிரில் கிடக்கவிட்டால்தான் ஒழுங்காகப் பூக்கும். நம் ஊர்ச் சமவெளியில் நட்டால் வராததற்கு வெயில் மட்டும் காரணமில்லை, குளிர் கிடைக்காததும்தான். வீட்டில் நடுவதாக இருந்தால் அணில் தோண்டித் தின்றுவிடும், டாஃபடில் நடுங்கள், அதை அணில் தொடாது.

ஒரு முணுமுணுப்பு. இங்கே ரிடோ கால்வாய் 7.8 கிலோமீட்டர் உறைந்து சறுக்குத் தளமாகும், ஒட்டாவாக்காரனுக்குக் குளிர்காலத்தைத் தாங்க வைப்பதே அதுதான். 2022-23 குளிர்காலத்தில் சரியாக உறையாததால் ஒருநாள்கூடத் திறக்கவில்லை, அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. வசந்தம் சீக்கிரம் வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் கொஞ்சம் அளவோடு வேண்டிக்கொள்ளவும்.

சகதிசாமி (பிராம்டன்)

எல்லாரும் கவிதையாகவே சொல்கிறீர்கள், உண்மையை நான் சொல்கிறேன். முதல் வசந்தம் பழுப்பு நிறம். பனி உருகினால் அடியில் இருப்பது பூ இல்லை சார், டிசம்பரிலிருந்து சேர்ந்த நாய்க் கழிவு, காபி கப், ஒற்றைக் கையுறை, ரோட்டில் போட்ட உப்பு, புல்லில் சாம்பல் பூசணம். விரிசலுக்குள் தண்ணீர் இறங்கி உறையும்போது விரியும், உருகும், மறுபடி உறையும், கடைசியில் தார் பெயர்ந்து பள்ளம். என் காரின் டயர் இரண்டு வருடமாக அதில்தான் போகிறது. அது முடிந்தால் ஏப்ரல் கடைசியில் பிர்ச், மேப்பிள் மகரந்தம். ஊரில் எனக்குத் தும்மல் என்பதே கிடையாது, இங்கே வந்து சில வருடத்தில் மே மாதம் முழுக்க மூக்கடைப்பும் கண் அரிப்பும். மாத்திரையை முன்கூட்டியே ஆரம்பிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ரூஜ் பள்ளத்தாக்குக்குப் போகச் சொன்னார், உண்ணி பற்றிச் சொல்லவில்லை. அங்கே கறுப்புக்கால் உண்ணி உண்டு, லைம் நோயைப் பரப்பும், வெப்பம் 4 டிகிரி தாண்டினாலே எழுந்துவிடும். முழுக்கால் சட்டை, அதைச் சாக்ஸுக்குள் சொருகுங்கள், புல்லுக்குள் இறங்காமல் பாதையிலேயே நடங்கள், வீட்டுக்கு வந்ததும் குழந்தையின் முட்டிக்குப் பின்னால், அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், முதல் 12 டிகிரி நாளில் மத்தியானம் ஆபீஸிலிருந்து காரணம் சொல்லாமல் வெளியே போய் சுவர் ஓரம் வெயிலில் நிற்கிறவர்களில் நானும் ஒருவன். மேனேஜரும் அங்கேதான் நிற்பார். அக்டோபரில் இதே 12 டிகிரிக்கு ஜாக்கெட் தேடின கூட்டம் இது.

ஏழாங்கல் (வினிபெக்)

ஒன்டாரியோ ஆட்கள் எல்லாம் குளிரைப் பற்றிப் பேசுவதைப் படித்துக்கொண்டே தேநீர் குடிக்கிறேன். இங்கே இன்றைக்கும் மைனஸ்தான்.

எங்கள் ஊர் வசந்தத்தில் ஆற்றைப் பார்க்க வேண்டும். ரெட் ஆறு தெற்கேயிருந்து வடக்கே ஓடுகிறது. தெற்கே முதலில் உருகிவிடும், அந்தத் தண்ணீர் இங்கே வரும்போது வடக்கே பனிக்கட்டி இன்னும் பாளம் பாளமாக அடைத்துக்கொண்டு நிற்கும், போக வழியில்லாமல் பரவும். 1950 வெள்ளத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் ஊரைவிட்டு வெளியேற வேண்டிவந்தது, அதற்குப் பிறகு நகரத்தைச் சுற்றி 47 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளக் கால்வாய் வெட்டி 1968இல் முடித்தார்கள். அதனால் இங்கே ஏப்ரலில் ஆட்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டே ஆற்று மட்டத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் எழுத வந்தது பாம்பு பற்றி. சிரிக்காதீர்கள். வினிபெக்குக்கு வடக்கே சுமார் 130 கிலோமீட்டரில் நார்ஸிஸ் என்று ஒரு இடம். அங்கே சுண்ணாம்புப் பாறைக்கு அடியில், உறைபனி எட்டாத ஆழத்தில், கார்ட்டர் பாம்புகள் குளிர்காலம் முழுக்கக் கிடக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை வெயில் அடிக்கும் நாட்களில் பள்ளத்திலிருந்து ஆயிரக்கணக்கில் மேலே வரும். பெண் பாம்பு பெரிது, அது வெளியே வந்ததும் டஜன் கணக்கில் ஆண்கள் சுற்றிக்கொண்டு ஒரே உருண்டையாகப் புரளும். மனிதனுக்கு ஆபத்தில்லாத வகை. மேடையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சலோடு பார்க்கும். நெடுஞ்சாலையில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க ரோட்டுக்கு அடியில் பாம்புகள் போவதற்கென்றே சின்னச் சுரங்கங்கள் போட்டிருக்கிறார்கள். என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது கூட்டிப்போனேன், காரைவிட்டு இறங்க மாட்டேன் என்றவர் பிறகு இறங்கிப் பார்த்தார், பார்த்துவிட்டு இத்தனைக்கும் யார் பால் ஊற்றுவது என்று கேட்டார்.

வடகடல் (டிரோம்ஸோ, நோர்வே)

வணக்கம். இந்தப் பக்கத்தில் எங்களுக்கு வசந்தம் வேறு மாதிரி, அதனால் எழுதுகிறேன். எண்பதுகளிலிருந்தே எங்கள் ஆட்கள் பலர் ஃபின்மார்க் கரையோர ஊர்களில் மீன் பதனிடும் ஆலை வேலைக்கு என்று வந்தவர்கள், நானும் அந்த வழியில் வந்தவன்தான்.

இங்கே நவம்பர் கடைசியில் சூரியன் போனால் சனவரி 21 அளவில்தான் மலை விளிம்பில் திரும்ப முகம் காட்டும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலும் வேலைத்தளத்திலும் ஜாம் வைத்த உருண்டைப் பலகாரம், சூரியப் பணிஸ் என்று பெயர், வாங்கித் தின்போம். இன்னும் வடக்கே லாங்இயர்பியனில் மார்ச் 8 அன்று பழைய ஆஸ்பத்திரிப் படியில் வெயில் விழுவதைப் பார்க்க ஊரே கூடி நிற்கும். வெளியே மைனஸ், இடுப்பளவு பனி, ஆனாலும் அது எங்களுக்கு வசந்தத்தின் தொடக்கம். வெப்பத்துக்குக் காத்திருந்தால் நாங்கள் ஜூன் வரை காத்திருக்க வேண்டும், மே 17 தேசிய நாள் ஊர்வலத்திலேயே சில வருடம் பனி கொட்டும். சூரியன் திரும்பிய பிறகு ஒவ்வொரு நாளும் பகல் பத்து நிமிடத்துக்குக் கிட்ட நீளும், போன திங்கள் இருட்டில் முடித்த வேலையை இந்தத் திங்கள் வெளிச்சத்தில் முடித்துவிட்டு வெளியே வருவோம், மே 20 அளவில் சூரியன் மறைவதே நின்றுவிடும். தம்பிக்குத் திருநெல்வேலியில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம், ரொறன்ரோவில் ஆறரை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்தது 11 டிகிரிக்காக இல்லை, வெளிச்சத்துக்காக.

ஈஸ்டர் விடுமுறைக்கு நோர்வேக்காரர் பனிச்சறுக்குக் கட்டையோடு மலைக்குப் போய், தோடம்பழமும் சாக்லேட்டும் வைத்துக்கொண்டு மரவீட்டின் வெயில் பக்கச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடப்பார்கள். அதையும் விட எனக்குப் பிடித்தது லொஃபோட்டன் பக்கம் போனால் காணலாம், முட்டையிட வந்த கொட் மீனைப் பிடித்து இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரச் சட்டங்களில் பெப்ரவரியிலிருந்து மே வரை தொங்கவிட்டிருப்பார்கள். உப்பே இல்லாத கருவாடு. உறைகுளிரும் இல்லாமல் ஈயும் இல்லாமல் காற்று மட்டும் இருக்கும் அந்தச் சில மாதம்தான் அதற்குத் தோது. வாசனை ஊர் முழுக்க, எங்கள் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்.

குற்றாலச்சாரல்

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. உறைந்து எழும் தவளை பற்றிப் பெண்ணிடம் சொன்னேன், அது உறைந்திருக்கும்போது கனவு காணுமா என்று கேட்கிறாள், யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லவும். மேப்பிள் தோப்பு இந்த ஞாயிறு. பாம்பு வேண்டாம், வீட்டில் இப்போதே மறுப்பு வந்துவிட்டது. ஹை பார்க் செர்ரிப் பூ என்று ஆபீஸில் ஒரே பேச்சு, அது எப்போது, எப்படிப் போவது?

கறிவேப்பிலைக்காரி

ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரம், எந்த நாள் என்று மரம்தான் சொல்ல வேண்டும். 1959இல் தோக்கியோ மக்களின் பெயரில் ஜப்பான் தூதர் கொடுத்த மரங்களிலிருந்து தொடங்கியது. முழுப்பூ நிற்பது நாலு நாள் முதல் பத்து நாள் வரை, நடுவில் ஒரு காற்றோ மழையோ அடித்தால் சரி, முடிந்தது. அந்த நாட்களில் பூங்காவுக்குள் கார் விடமாட்டார்கள், வெளியே நிறுத்த இடமும் கிடைக்காது. கெனடி ஸ்டேஷனில் காரை நிறுத்திவிட்டு 2ஆம் லைன் ரயிலில் ஏறினால் மாறாமல் ஹை பார்க் ஸ்டேஷனில் இறங்கலாம். சனி, ஞாயிறு வேண்டாம், வேலைநாளில் காலை எட்டுக்கு முன் போங்கள், சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள், ஏரி பக்கத்தில்தான் என்பதால் பிள்ளைக்கு ஜாக்கெட்டும் தொப்பியும் எடுக்க மறக்க வேண்டாம்.